உப்புக்காற்றில் எஃகு மிதிவண்டி

எஃகு மிதிவண்டி நெடுந்தூரப் பயணத்தில் உடலை அலுக்கவிடாது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அந்தச் சுகத்தின் பெரும்பகுதி ‘பிரேம்’ எனப்படும் சட்டத்திலிருந்து வருவதில்லை. முக்கோணங்களாக இணைக்கப்பட்ட சட்டக் குழாய்கள் மேலிருந்து அழுத்தும் விசைக்கு மிகச் சிறிதளவே வளைகின்றன. காற்றடைத்த டயரோ ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் பல மில்லிமீட்டர் அமுங்கி மீள்கிறது. எஃகின் உண்மையான சிறப்பு, ஒரே சட்டத்தில் காலத்துக்கும் பாதைக்கும் ஏற்ப உறுப்புகளை மாற்றிக்கொள்ள அது இடம் தருவதுதான். தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் முத்துக்குளித்துறைப் பாதையில் எந்த உறுப்பை மாற்றுவது என்பதை மணல், காற்று, உப்பு ஆகிய மூன்றும் முடிவுசெய்கின்றன.

தமிழகத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு அடித்தளமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய ரோட்ஸ்டர் வண்டிகளே. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. அதே பிரிட்டிஷ் குழுமத்தைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ குழாயை அறிமுகப்படுத்தியிருந்தது. சாதாரண எஃகானாலும் கலப்பு எஃகானாலும் விறைப்புத்தன்மை ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான் என்றாலும், கலப்பு எஃகின் வலிமை கூடுதல் என்பதால் குழாயின் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது. ஆகவே சாதாரண எஃகாலான ரோட்ஸ்டர் சட்டத்தின் குறை எடை மட்டுமே. சுகத்துக்கு அது தடையன்று.

சுகம் தேடுபவர் முதலில் மாற்ற வேண்டியது டயரை. பின்சக்கரத்தின் மேல் 45 கிலோ எடை இறங்கும்போது 28 மில்லிமீட்டர் அகல டயருக்கு ஏறத்தாழ 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தேவைப்படும் இடத்தில், 37 மில்லிமீட்டர் டயருக்கு ஏறத்தாழ 45 போதும். அழுத்தம் குறைந்த அகல டயர் அதிர்வை விழுங்குவதோடு, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளின் தேரிக்காட்டுச் செம்மணல் சாலையோரம் படிந்திருக்கும் இடங்களில் எளிதில் புதையாமலும் உருள்கிறது. அடுத்தபடியாக, கைப்பிடியை இருக்கையின் மட்டத்துக்கு உயர்த்தினால் மணிக்கட்டிலும் கழுத்திலும் விழும் சுமை குறையும். ஆனால் அப்போது உடல் நிமிர்ந்து எடை இடுப்பெலும்பின் மேல் இறங்குவதால், அந்த எலும்புகளைத் தாங்கும் அளவுக்கு அகலமான இருக்கையும் உடன் வேண்டும்.

சக்கரத்தை மாற்றுவதில் அளவுகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம் 28 அங்குல ரோட்ஸ்டர் சக்கரத்தில் 635 மில்லிமீட்டர். இன்றைய ‘700சி’ சக்கரத்தில் 622 மில்லிமீட்டர். ஆரத்தில் 6.5 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டை அந்த அளவுக்குக் கீழே இறங்கி எட்ட வேண்டும். மேலும், ரோட்ஸ்டரின் கம்பி பிரேக் ரிம்மின் உட்புறத்தையும் கேபிள் பிரேக் ரிம்மின் பக்கச் சுவரையும் பிடிப்பதால், ரிம்மையும் பிரேக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்சக்கர ஹப்பின் அகலம் சட்டத்தின் இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும், தேர்ந்த மெக்கானிக் எஃகுச் சட்டத்தின் பின்கால்களைச் சூடாக்காமலே இருபுறமும் சமமாக விரித்துப் பொருத்திவிடுவார். அலுமினியச் சட்டத்தில் இதை முயன்றால் அது விரிசல் காணக்கூடும்.

இந்தப் பாதை சமதளமானது என்பதால் பல கியர்கள் தேவையில்லை என்று நினைப்பது தவறு. தென்மேற்குப் பருவ மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடந்து வரும் வறண்ட மேலைக்காற்று இப்பகுதியில் பலமாக வீசுகிறது. காற்றின் தடைவிசை சார்புவேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்பவர் 20 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றைச் சந்தித்தால், அசைவற்ற காற்றில் உள்ளதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான தடையை எதிர்கொள்கிறார். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் கொண்ட ஒற்றைக் கியர் வண்டி ஒரு மிதிசுற்றில் சுமார் 5.4 மீட்டர் நகர்கிறது. முன்னால் 26, பின்னால் 32 என்று அமைத்தால் அது 1.8 மீட்டராகச் சுருங்கி, முழங்காலை வருத்தாமல் மெல்ல முன்னேற வழி கிடைக்கிறது.

இவை அனைத்துக்கும் மேலான சோதனை உப்பு. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கரையத் தொடங்குவதால், உப்பளக் கரையில் நிற்கும் வண்டியின் மேல் படிந்த உப்புப்படலம் முழுமையாக உலர்வது அரிது. அந்த உப்புநீர் எஃகுச் சட்டத்தையும் அதற்குள் செருகிய அலுமினிய இருக்கைத் தண்டையும் மின்கலம் போல இணைக்க, அலுமினியம் அரிக்கப்பட்டு, அதன் ஆக்சைடு பருத்துத் தண்டை அசைக்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே கிரீஸ் பூசுவது இந்த மின்பாதையைத் துண்டிக்கும் எளிய காப்பு. பேரிங் தேர்விலும் இதே நோக்கு வேண்டும்: மூடிய பேரிங் உப்பை நெடுநாள் தடுத்தாலும் பழுதானால் அதே அளவில் புதியது கிடைக்க வேண்டும், கோன், பால்ஸ் கொண்ட பழைய ஹப்பையோ எந்தச் சிற்றூர்க் கடையிலும் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து மறுபடி ஓட்டலாம். கடலோரப் பயணிக்குப் பின்னதே பொருத்தம்.

ஆகவே, புது வண்டிக்குப் பெருந்தொகை செலவிடுமுன், வீட்டில் துருவேறி நிற்கும் எஃகு வண்டியின் சட்டத்தை விரிசலோ கோட்டமோ இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. சட்டம் நலமாக இருந்தால் டயர், இருக்கை, கியர் என்ற வரிசையில் மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். கடற்கரைப் பயணம் முடிந்த ஒவ்வொரு முறையும் வண்டியை நன்னீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இருக்கைத் தண்டை உருவிக் கிரீஸ் பூச வேண்டும். இவ்வளவு கவனம் கிடைத்தால் எஃகுச் சட்டம் ஒரு தலைமுறைக்கும் மேல் உழைக்கும்.