தாடை வலியைத் தள்ளிப் போடாதீர்!

வணிகப் பெருமக்களே! காதுக்கு முன்னால் வலித்தால் காது வலி என்றே நினைக்கிறோம். வாயைத் திறக்கையில் அங்கே 'டக்' என்ற சத்தத்துடன் வலித்தால், அது தாடை மூட்டு வலியாக இருக்கலாம். கணக்குப் பார்க்கையில் பல்லை இறுகக் கடிப்பது, தூக்கத்தில் நறநறவென்று கடிப்பது, ஓயாமல் பாக்கு மெல்லுவது எல்லாம் அம்மூட்டுக்குப் பாரமே.

சில நாள் குழைந்த சாதம், வெந்நீர் ஒத்தடம், பாக்குக்கு விடுமுறை. பெரும்பாலோருக்கு இதிலேயே குறையும். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் செல்வோம். இரவில் மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு அளவெடுத்து உறை செய்து தருவார். அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கவோ ராவவோ வேண்டாம்.

ஆனால் பாக்குப் போடுவோருக்கு வாய் எரிந்து, மூன்று விரல் நுழையாதபடி திறப்பும் குறைந்தால் அது மூட்டு வலி அல்ல. புற்றுநோயாக மாறக்கூடிய வேறு நோயாக இருக்கலாம். பாக்கை அன்றே விட்டு, உடனே காட்டுவோம். ஒருவேளை கடையடைப்பு பெரிய நட்டமில்லை!