உங்களுக்குத் தெரியுமா? ஐம்பதிலும் விமானி வேலை!

அமெரிக்க விமான நிறுவனங்களில் 65 வயது நிறைந்த விமானி காக்பிட்டை விட்டு இறங்கியாக வேண்டும். 2007 டிசம்பர் வரை அந்த வரம்பு 60 ஆக இருந்தது. வேலைக்குச் சேர்வதிலோ கதை வேறு: 40 வயதைத் தாண்டியவரை வயதைக் காட்டி ஒதுக்குவதை 1967-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஐம்பதில் சேர்பவருக்கு அடி விழுவது சீனியாரிட்டியில்தான். எந்த விமானம், எந்த ஊர், எப்போது லீவு, எப்போது கேப்டன் எல்லாமே சேர்ந்த தேதிப்படி. வேறு நிறுவனத்தில் 20 வருஷம் கேப்டனாக இருந்தவரும் இங்கே வரிசையில் கடைசி ஆள். கிறிஸ்துமஸ் அன்று டூட்டி பெரும்பாலும் அவர் தலையில்தான்.

ஒரே நாளில் பலர் சேர்ந்தால்? நரைத்த தலைக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. சில நிறுவனங்கள் பிறந்த தேதியைப் பார்த்து, மூத்தவருக்கே முன் எண் தருகின்றன. அதே பேட்சில் வந்த 25 வயதுக்காரர் அவருக்குப் பின்னால்தான்.