ரஷ்ய மொழியில் ஒரு வணக்கம்

வேற்றூருக்குப் போகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த ஊர் வணக்கம். தாதர் நிலையத்தில் வந்திறங்கிய நம் தலைமுறையினர் இலக்கணம் படித்தா மராத்தி கற்றோம்? ‘நமஸ்கார்’, ‘கசே ஆஹாத்?’ என்ற சில சொற்களே பால்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நம்மைச் சேர்த்து வைத்தன.

இன்று நம் பிள்ளைகள் சிலர் மருத்துவம் பயில ரஷ்யா செல்கிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். அவருக்கு வணக்கம் சொல்லத் தெரியாத மாணவர், ‘எங்கே வலிக்கிறது?’ என்று எப்படிக் கேட்பார்?

ரஷ்ய மொழி நமக்கு அவ்வளவு தூரத்து உறவும் அல்ல. 1958-இல் தொடங்கிய பவாய் ஐ.ஐ.டி., யுனெஸ்கோ வழியாகச் சோவியத் உதவி பெற்றது. பிலாய் உருக்காலை 1955-இல் செய்த உடன்படிக்கையின்படி சோவியத் துணையுடன் எழுந்தது. ரயில்வேயில் பணியாற்றிய என் போன்றோர் பிலாய் முத்திரை பதித்த தண்டவாளங்களோடுதான் காலம் கழித்தோம். நம் நாட்டில் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும், பின்னர் கூடங்குளமும் அதே துணையில் வந்தவை.

இனிப் பாடத்துக்கு வருவோம். பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் சொல்லும் வணக்கம் ‘ஸ்த்ராஸ்த்வுய்தே’. நாக்கு சற்றுத் தடுமாறும். இரண்டு துண்டாக்கிச் சொல்லிப் பழகினால் வந்துவிடும். ‘நலமாக இருங்கள்’ என்பது இதன் பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘நல்லா இரு’ என்று வாழ்த்துவதை நினைத்துக் கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் ‘ப்ரிவ்யெத்’ போதும். காலையில் ‘தோப்ரயெ ஊத்ர’, பகலில் ‘தோப்ரி தியேன்’, மாலையில் ‘தோப்ரி வியேச்செர்’. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பதற்குக் ‘காக் திலா?’, ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்குக் ‘கரஷோ’. நன்றிக்கு ‘ஸ்பசீபா’. விடைபெறும்போது ‘த ஸ்விதானியா’. மறுபடி சந்திக்கும் வரை என்று பொருள். ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்னும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆங்கிலம் வழியாகக் கற்பதைவிடத் தமிழ் வழியாகக் கற்பது இங்கே எளிது என்பேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. ரஷ்ய மொழியிலோ நம்மைப் போலவே ‘நீ’க்குத் ‘தி’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘வி’. பேராசிரியரைத் ‘தி’ என்றழைத்தால், தலைமையாசிரியரை ‘நீ’ என்றது போலாகும். பெரியவர்களைப் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை. பியோத்தரின் மகன் இவான், ‘இவான் பித்ரோவிச்’. மகள் அன்னா, ‘அன்னா பித்ரோவ்னா’. நம் முதலெழுத்திலும் மராத்தியரின் நடுப்பெயரிலும் இருப்பது அதே தந்தை பெயர்தானே!

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ‘தயவு செய்து’ என்ற பொருளுடைய ‘பஜாலுஸ்தா’வை ஆங்கிலப் புத்தகங்கள் ‘இஸட்-எச்’ போட்டு எழுதும். அதை நம் ழகரமாக வாசித்துவிடக் கூடாது. அது ‘ஜ’வுக்கும் ‘ஷ’வுக்கும் இடைப்பட்ட ஒலி. அடுத்தது எழுத்து. மொத்தம் 33. ஆங்கில ‘பி’ போலத் தோன்றுவது ‘ர’, ‘சி’ போன்றது ‘ஸ’, ‘எச்’ போன்றது ‘ந’. ‘ரெஸ்தரான்’ என்ற உணவகப் பலகையை நம்மவர் ‘பெக்டோபா’ என்று படிப்பது இதனால்தான்.

பழக்கம் ஒன்றும் உண்டு. வாசற்படியின் இருபுறமும் நின்றுகொண்டு அங்கே கை குலுக்க மாட்டார்கள். வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பெடர் சாலையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு மையம் நெடுங்காலமாக மொழி வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. வகுப்புக்குச் செல்ல இயலாதவர்கள் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். பெற்றோரும் உடன் கற்றால் நல்லது. பிள்ளையின் விடுதிப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் பேச நேர்ந்தால், முதலில் ஒரு ‘ஸ்த்ராஸ்த்வுய்தே’ சொல்லிப் பாருங்கள். மறுமுனைக் குரல் இளகும்.