ஜூலை 31 தாண்டியும் நிற்கிற அணி

"மக்கா, இந்த வருசம் கப்பு நமக்குத்தானே?"

ஜூன் பிறந்துவிட்டால் முட்டத்து டீக்கடைகளில் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்கிறவர் ஐ.எஸ்.எல். பற்றிக் கேட்கவில்லை. மகனோ மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ ஆடும் கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றிக் கேட்கிறார். சீசன் தொடங்க இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அதற்குள் ஆளுக்கொரு கணிப்பு. இதில் பெரும்பாலானவை ஏன் பொய்த்துப்போகின்றன என்பதைப் பார்க்கும் முன், போட்டி நடக்கிற முறையைச் சொல்லிவிடலாம்.

குமரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை, 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கித்தான் பல்கலைக்கழக அணி அமைகிறது. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே தொடக்கச் சுற்றுகள் எல்லாம் நாக்-அவுட். ஒரு நாள் சறுக்கினால் ரயிலேற வேண்டியதுதான். நான்கு மண்டலங்களிலும் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள், ஆக 16, அகில இந்தியப் போட்டியில் ஆடும். அதில் முதல் எட்டுக்குள் வந்தால் 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் இடம் கிடைக்கும்.

நமக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தென்மண்டலம் என்றால் கேரளமும் சேர்ந்தது. காலிகட் பல்கலைக்கழகம் அகில இந்தியக் கோப்பையைப் பல முறை தூக்கிய அணி. எதிரே எந்த அணி வரும் என்பதைச் சீட்டு விழுகிற விதம் முடிவு செய்கிறது. இதை மறந்துவிட்டு மே மாதமே கோப்பைக்கு மாலை வாங்குகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

நான் கணிப்பு சொல்வதற்கு முன் பார்ப்பது வீரர் பட்டியலை அல்ல, காலண்டரை. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான சின்னமுட்டத்துக்கு அது ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் கல்லூரியும் திறக்கிறது, அணித் தேர்வும் நடக்கிறது. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை இல்லை. ஆனால் ஆனி, ஆடிக் கடல் பல நாள் அவர்களையும் விடுவதில்லை. ஆக, ஊரில் இளவட்டம் மொத்தமும் கரையில். மாலை ஐந்து மணிக்குக் கோயில் மைதானத்தில் முப்பது பேர் நிற்பார்கள், பந்து ஒன்றுதான் இருக்கும். அலை மணலைத் தின்றுவிடுவதால் கடற்கரையில் ஆட இடமும் சுருங்கி, அங்கே ஆடுகிறவர்களும் இங்கேயே வந்துவிடுவார்கள். பழைய வலையை நாலாக மடித்துக் கட்டிய கோல் போஸ்ட், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு ஆடும் பையன், கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு எல்லைக் கோட்டில் நின்று திட்டும் பெரியப்பா. அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எவனுக்கும் தோன்றும், இந்த வருசம் கப்பு நமக்குத்தான் என்று.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி படகுகள் கிளம்புகின்றன. கணவாய் படுகிற நாட்கள் அவை. ஒரு வாரம் கடலுக்குப் போனால் வீட்டுக் கடனில் ஒரு பங்கு அடையும். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போகிறவர்கள் திரும்ப வாரக்கணக்கு ஆகும். ஜூலையில் மைதானத்தில் நின்ற முப்பது பேரில் எத்தனை பேர் செப்டம்பரில் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு. சம்பளத்தையும் ஆட்டத்தையும் ஒரு பையனிடம் கொடுத்து எது வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை. ஆனால் கடலோரக் கல்லூரிக் கால்பந்து ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் கேட்கிறது.

கடலோரப் பையன்களின் பலம் தெரிந்ததுதான். மணலில் பந்து உருளாது, காலோடு ஒட்டவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் ஆளைத் தாண்டுவதில் கெட்டிக்காரர்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்துச் செவன்ஸ் ஆடிப் பழகியவர்களுக்குச் சின்ன இடத்தில் திரும்பத் தெரியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது, எல்லை தாண்டிப் போய் ஆடுவது இங்கே புதுசில்லை. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பதினொரு பேர் ஆட்டத்தில் நடுக்களத்தைக் காப்பதும், பந்து இல்லாதபோது இடம் பார்த்து ஓடுவதும் செவன்ஸ் சொல்லித்தருவதில்லை. முன்வரிசைக்குப் பஞ்சமே வராது. நல்ல சென்டர் பேக் கிடைப்பதுதான் கஷ்டம்.

இந்தக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருக்கிறார். சென்னை சிட்டியில் ஐ-லீக், பிறகு ஜாம்ஷெட்பூர், 2019-20-இல் ஐ.எஸ்.எல். சாம்பியனான ஏ.டி.கே.  அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பரில், சூசைராஜுக்கு முழங்காலில் அடி; அந்த வருசமே போயிற்று. பிசியோவும் மருத்துவரும் உள்ள கிளப்புக்கே அந்தக் கதி. வீங்கிய காலுக்கு ஐஸ் கட்டியும் எண்ணெயும்தான் என்றிருக்கிற கல்லூரி அணியில் இரண்டு பேர் விழுந்தால் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

வீட்டில் பையனைக் கடலுக்கு அனுப்பாமல் வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, வேலை. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை, இந்தியன் வங்கி எல்லாம் சென்னை லீக்கில் அணி வைத்து ஆள் எடுத்தவை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழுக்கு அங்கே மதிப்பு. தாய்மார்களுக்குக் கோப்பையைவிட அந்தக் காகிதம்தான் பெரிது. அவர்கள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கணிப்பைக் கேட்டால், கடலோரக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகப் போட்டியில் அரையிறுதிக்கு வரும், கோல்களும் தாராளமாகப் போடும். இறுதியாட்டம் பின்வரிசையைப் பொறுத்தது. தென்மண்டலத்தில் சீட்டு சாதகமாக விழுந்து, காலிகட்டை முதல் இரண்டு சுற்றில் சந்திக்காவிட்டால் கடைசி எட்டு வரை போகலாம். அதற்கு மேல் பேச வேண்டுமானால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மைதானத்துக்கு வாருங்கள். இரண்டு சென்டர் பேக்கும் கோல்கீப்பரும் பயிற்சியில் நின்றால் பேசலாம்.