ஒரு சட்டை கற்றுத்தரும் பாடம்

கதை எழுதும் அன்புச் சகோதரியே!

சீதனக் கொடுமையைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறீர்கள். முதல் பக்கத்திலேயே மாமி கொடியவர் ஆகிவிடுகிறார். கடைசிப் பக்கத்தில் மௌலவி ஒருவர் வந்து உபதேசம் செய்கிறார். கதை முடிகிறது. உபதேசத்தை நாங்கள் மிம்பரில் செய்துகொள்கிறோம். கதையின் வேலை வேறு.

திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயமான ஸூரா யூஸுபைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். 111 வசனங்கள். அழகிய வரலாறு என்று அல்லாஹ்வே அறிமுகம் செய்தது. அது புனைந்துரைக்கப்பட்டதன்று என இறுதி வசனம் கூறுகிறது. அதற்கு நிகராகச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும், அது சொல்லப்படும் ஒழுங்கிலிருந்து நாம் படிக்க வேண்டியவை உண்டு.

4ஆவது வசனத்தில் சிறுவர் யூஸுப் (அலை) தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்கிறார். அது நனவாவதோ 100ஆவது வசனத்தில். இடையில் கிணறு, அடிமை வாழ்வு, சிறை. முடிவை முதலிலேயே உடைத்துவிடாதீர்கள். வாசிப்பவர் காத்திருக்கட்டும்.

அடுத்து, சட்டை. பொய் இரத்தம் தோய்ந்து வந்து தந்தையின் நெஞ்சைப் பிளந்தது ஒரு சட்டை. பின்புறம் கிழிந்திருந்து நிரபராதிக்குச் சாட்சியானது ஒரு சட்டை. தந்தையின் முகத்தில் போடப்பட்டு, இழந்த பார்வை திரும்பக் காரணமானது ஒரு சட்டை. உங்கள் கதையிலும் சீதனத்துக்காக உம்மா விற்ற தங்கக் காப்பு ஒன்று இருக்கட்டும். நான்கு பக்க அழுகையைவிட அந்த வெறுங்கை அதிகம் பேசும்.

மூன்றாவது, தவறு செய்தவர்கள். கிணற்றில் போட்ட சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, யூஸுப் (அலை) பழி கூறாமல் மன்னித்தார்கள். அவதூறு சொன்ன அஸீஸின் மனைவியும் ஈற்றில் தன் வாயாலேயே உண்மையைச் சொன்னார். அவர்களுக்கும் திரும்பிவர ஒரு வாசல் திறந்திருந்தது.

உங்கள் கதையின் மாமிக்கும் அந்த வாசலைத் திறந்து வையுங்கள். அவரும் ஒருநாள் மருமகளாக வந்தவர்தானே? அன்று அவருடைய உம்மா எதை விற்றார்? அதையும் எழுதுங்கள். ஏசினால், வாசிக்கும் மாமி புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். தன்னையே அதில் கண்டாரானால், மகனுக்குக் கல்யாணம் பேசும்போது சீதனம் கேட்க அவர் நா கூசும். ஒரு குமருடைய கண்ணீராவது குறையும்.

எழுதுகோலின் மீது சத்தியம் செய்த அல்லாஹ், உங்கள் எழுதுகோலுக்கு பரக்கத் செய்வானாக! ஆமீன்.