கலிபோர்னியா சிறை நெரிசல்

கலிபோர்னியா சிறை நெரிசல் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சிறைகள் 2011க்கு முன்னர் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தம் கொள்ளளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கைதிகளைக் கொண்டிருந்த நிலையைக் குறிக்கும். சுமார் 80,000 பேருக்காகக் கட்டப்பட்ட சிறைகளில் 2011இல் ஏறத்தாழ 1,56,000 பேர் இருந்தனர். இங்கு கொள்ளளவு என்பது ஓர் அறைக்கு ஒருவர் என்ற கணக்காகும். எனவே 100 விழுக்காட்டைத் தாண்டிய உடனேயே நிலை மோசமாகிவிட்டது எனக் கொள்ளவியலாது. இரு மடங்காகும்போது நேர்வது வேறு.

காரணங்கள்

1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏற்கனவே இரு கடுங்குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் புரிந்தாலும் 25 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை பெற்றார். நன்னடத்தை விடுதலையின் நிபந்தனைகளை மீறியோரும் பெருமளவில் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

உடல்நலம்

உடற்பயிற்சிக் கூடங்களில் அடுக்குக் கட்டில்கள் இடப்பட்டு 200 பேர் வரை தங்கவைக்கப்பட்டனர். சில இடங்களில் 54 பேருக்கு ஒரே கழிப்பறை இருந்தது. இத்தகைய சூழலில் தொற்றுநோய்கள் எளிதில் பரவின. நோயுற்ற 50 பேர் வரை, 12 அடிக்கு 20 அடி அளவுள்ள கூண்டில் ஐந்து மணி நேரம் வரை மருத்துவருக்காகக் காத்திருந்தனர். அதாவது ஒருவருக்கு 5 சதுர அடிகூடக் கிடைக்கவில்லை. தற்கொலை எண்ணம் கொண்டோர், படுக்கை இல்லாமையால், தொலைபேசிக் கூண்டு அளவேயான, கழிப்பறையற்ற கூண்டுகளில் அடைக்கப்பட்டனர். உளநலச் சிகிச்சைக்கு ஓராண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தவிர்த்திருக்கக்கூடிய மரணம் சராசரியாக ஆறேழு நாட்களுக்கு ஒன்று நிகழ்ந்ததாக 2005இல் நீதிமன்றம் கண்டறிந்தது.

கூடுதல் மருத்துவர்களை நியமித்தால் போதுமே எனத் தோன்றலாம். மனநல மருத்துவர் பணியிடங்களில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தது உண்மையே. ஆனால் அவற்றை நிரப்பினாலும் அம்மருத்துவர்கள் அமர்ந்து பணியாற்ற இடமில்லை. மருத்துவக் கூடங்களும் பாதி எண்ணிக்கையினருக்காகவே கட்டப்பட்டிருந்தன.

மறுவாழ்வு

மறுவாழ்வுப் பணிகளுக்கு உரிய இடங்களே படுக்கைக் கூடங்களாயின. கலவரத்தைத் தடுக்கக் கைதிகளை நாட்கணக்கில் அறைகளிலேயே பூட்டி வைத்தபோது வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் நின்றன. மருத்துவரிடம் செல்வதும் தடைப்பட்டது. அக்காலத்தில் விடுதலையானோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மூன்று ஆண்டுகளுக்குள் சிறைக்குத் திரும்பினர். இவ்வாறு நெரிசலே மேலும் நெரிசலுக்கு வழிவகுத்தது எனலாம்.

வழக்கும் தீர்ப்பும்

உளநலச் சிகிச்சை பற்றிய கோல்மன் வழக்கு 1990இலும், மருத்துவச் சிகிச்சை பற்றிய பிளாட்டா வழக்கு 2001இலும் தொடரப்பட்டன. 2006இல் சிறை மருத்துவத்தை நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் ஏற்றார். அதன் பின்னரும் நிலை போதிய அளவு சீராகாததால், கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவின் 137.5 விழுக்காடாகக் குறைக்குமாறு 2009இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் ஆணையிட்டது. 2011 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இதனை உறுதிசெய்தது. தீர்ப்பை நீதிபதி கென்னடி எழுதினார். மாறுபட்ட நீதிபதி அலிட்டோ, பொதுமக்களின் பாதுகாப்பு குறித்து அச்சம் தெரிவித்தார்.

2011 அக்டோபர் முதல் சிறு குற்றவாளிகள் கவுண்டி சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். இதனால் நெரிசலின் ஒரு பகுதி இடம் மாறியது எனலாம். 2014இல் வாக்காளர்கள் சிறு திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கான தண்டனையைக் குறைத்தனர். 2015இல் இலக்கு எட்டப்பட்டது. எனினும் 2020இல் வேறொரு சிறையிலிருந்து கைதிகள் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து சான் குவென்டின் சிறையில் கோவிட்-19 பரவியது. அங்கு 2,000க்கும் மேற்பட்ட கைதிகள் தொற்றுக்குள்ளாயினர். 28 கைதிகள் இறந்தனர்.