ஆய்வுக்கும் ஓர் அறம் உண்டு

அறிவைத் தேடுதல் மேலான பணி என்பதை மறுப்பார் இல்லை. ஆனால், அத்தேடலின் களம் ஏட்டுச் சுவடியாகவோ வேதியியற் கூடமாகவோ அல்லாமல், மற்றொரு மனிதரின் உடலாகவும் உள்ளமாகவும் அமையும்போது, ஆய்வாளரின் நல்லெண்ணம் மட்டும் போதுமா? போதாது என்பதே இருபதாம் நூற்றாண்டு கற்பித்த பாடம். அமெரிக்கக் கல்லூரிகளில், மனிதரைக் கொண்டு நடத்தப்படும் ஆய்வுகள் தொடங்குமுன் ஒரு குழுவின் பார்வைக்கு வைக்கப்படும் நடைமுறை இப்பாடத்திலிருந்து பிறந்ததாகும்.

நாஜி மருத்துவர்கள் வதைமுகாம் கைதிகள்மீது நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம் 1947இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் இடம்பெற்ற பத்து நெறிகளுள் முதலாவது, ஆய்வுக்கு உட்படுவோர் தம் விருப்பத்துடன் தரும் இசைவு இன்றியமையாதது என்பது. இந்நெறியை வகுத்தோர் அமெரிக்க நீதிபதிகள். ஆயினும், அவர்களது நாட்டிலேயே அந்நெறியை மீறிய ஆய்வொன்று அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அலபாமா மாநிலத்தில் 1932இல், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் துணையுடன் அதனைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் எனும் மேகநோயால் பாதிக்கப்பட்டிருந்தவர்கள். சிகிச்சையின்றி அந்நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்ப்பதே நோக்கம். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் கூறப்பட்டது. இலவசப் பரிசோதனையும் உணவும், இறந்தால் அடக்கச் செலவும் அவர்களை ஈர்த்தன. பென்சிலின் தக்க மருந்தென 1940களில் உறுதிப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. 1972இல் பத்திரிகைகள் உண்மையை வெளிப்படுத்திய பிறகே, நாற்பதாண்டுக்கால ஆய்வு நின்றது.

இதன் எதிரொலியாக 1974இல் தேசிய ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் அமைத்த ஆணையத்தின் பெல்மாண்ட் அறிக்கை 1979இல் அரசிதழில் வெளியாயிற்று. அது மூன்று கோட்பாடுகளை முன்வைத்தது. முதலாவது, மனிதரை மதித்தல்: விவரம் அறிந்து இசைவு தருவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இரண்டாவது, நலம் நாடல்: தீங்கைக் குறைத்து நன்மையைப் பெருக்க வேண்டும். மூன்றாவது, நீதி: ஆய்வின் சுமையை ஏழை எளியோர் தாங்க, பயனை வேறொருவர் நுகர்தல் ஆகாது.

இக்கோட்பாடுகளைச் செயற்படுத்தும் நிறுவன மீளாய்வுக் குழுவில் குறைந்தது ஐவர் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவரேனும் அந்நிறுவனத்துடன் தொடர்பற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. தமது ஆய்வு பரிசீலிக்கப்படும்போது அதன் முடிவில் உறுப்பினர் எவரும் பங்குகொள்ளலாகாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருத்தல் கூடாது என்ற பழைய நியாயமே இங்கும் பேசுகிறது.

கல்லூரிச் சூழலுக்கென்று தனியானதோர் இடர்ப்பாடும் உண்டு. மதிப்பெண் வழங்கும் ஆசிரியரே தம் மாணவரை ஆய்வுக்கு அழைக்கும்போது, "விருப்பமிருந்தால் வரலாம்" என்ற சொல்லும் கட்டளையாகவே செவியில் விழும். ஆதலால், மறுக்கும் மாணவருக்கு இழப்பு நேராதா, பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டெனில் அதற்கு ஈடான மாற்றுப் பணி தரப்படுகிறதா என்பவற்றைக் குழு ஆராய வேண்டியுள்ளது. மாணவர் நம்பி உரைத்த செய்திகள் ஆய்வாளரிடம் அமானிதம். அவை எவ்வாறு பாதுகாக்கப்படும் என்பதும் கேட்கப்படும்.

எனினும், குழு அனுமதித்துவிட்டதனாலேயே ஓர் ஆய்வு அறவழிப்பட்டதாகிவிடாது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய போலிச் சிறை ஆய்வுக்கு அப்பல்கலைக்கழகக் குழுவின் ஒப்புதல் இருந்தது. இளைஞர்களும் இசைந்தே வந்தனர். காவலராக நடித்தவர்கள் கைதிகளாக நடித்தவர்களை இழிவுபடுத்தினர், சிலர் மனமுடைந்தனர். சிறைக் கண்காணிப்பாளராகத் தாமே வேடமேற்றிருந்த ஆய்வாளருக்கு அதன் கடுமை புலப்படவில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் உளவியலாளர் வன்மையாகக் கண்டித்த பின்னரே, இரண்டு வாரத்திற்கெனத் திட்டமிட்ட ஆய்வு ஆறு நாட்களில் முடிவுற்றது. தொடக்கத்தில் பெறும் ஒப்பத்தைவிட, இடையில் நிறுத்தும் அதிகாரம் முக்கியமானது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஒப்புதலை இடைநிறுத்தவும் விலக்கிக்கொள்ளவும் இன்று குழுவுக்கு அதிகாரம் உண்டு.

மருத்துவத்திற்கு வகுத்த விதிகளை வாய்மொழி வரலாற்றுக்கும் பொருத்துவது வீண் சுமை என்ற குறை நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. அதில் நியாயம் இருந்தமையால், 2017இல் வெளியான திருத்தம் வாய்மொழி வரலாறு, இதழியல் போன்றவற்றை இவ்விதிகளின் வரம்பிலிருந்து நீக்கியது. சுமையைக் குறைக்கலாம், ஆனால் ஆய்வுக்கு உட்படுபவர் காரணம் கூறாமலேயே எந்நேரமும் விலகலாம் என்ற உரிமையைக் குறைக்க முடியாது. டஸ்கீகி மனிதர்களுக்குக் கிட்டாமற்போனது அதுவே. தாம் எதில் சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்பதையே அறியாதவர் அதிலிருந்து விலகுவது எங்ஙனம்?